ஏட்டில் இருப்பதும் ஊரில் இருப்பதும்

வசிஷ்டர் பெயரால் வழங்கும் தர்மசூத்திரத்தில் தத்து பற்றி ஒரு சின்ன விதி உண்டு. கணவனின் அனுமதி இல்லாமல் ஒரு பெண் பிள்ளையைத் தத்துக் கொடுக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது என்பது அதன் சாரம். ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் ராமநாதபுரம் சீமை யாருக்குச் சேரும் என்ற கேள்வி, இந்த ஒரு வரியில் வந்து நின்றது. கணவனை இழந்த ராணி ஒருவர், அவர் எடுத்த தத்துப் பிள்ளை, அந்தத் தத்து செல்லாது என்று வாதாடிய மதுரை கலெக்டர், கடைசி வார்த்தை சொல்ல லண்டனில் கூடிய பிரிவி கவுன்சில். இவர்கள் எல்லோருக்கும் நடுவில் பனையோலையில் பல நூறு ஆண்டுகள் வாழ்ந்த ஒரு வாக்கியம்.

1868இல் தீர்ந்த இந்த வழக்கை ‘ராம்நாட் கேஸ்’ என்ற பெயரில் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக நடத்துகிறார்கள். சாஸ்திரம் ஒன்று சொல்லி, ஊர் வழக்கம் வேறொன்று சொன்னால் எது செல்லும் என்ற கேள்விக்கு இந்திய நீதிமன்றங்கள் நெடுங்காலம் எடுத்துக்காட்டிய பதில் அங்கேதான் பிறந்தது. அந்தப் பதில் ஒரு பெண்ணுக்கு நியாயம் செய்தது. நாற்பது ஆண்டு கழித்து அதே சீமையில், அதே மாதிரியான பதில் ஒரு பெரிய சமூகத்தைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் வேதம், ஆகமம், சாஸ்திரம் என்று சொல்லி நடக்கும் இன்றைய சண்டைகளும் புரியும்.

ராணி எடுத்த பிள்ளை

ராமநாதபுரம் சீமையை ஆண்ட சேதுபதிகள் ராமேஸ்வரத்துக்குப் போகும் வழியையும் அங்குள்ள கோயிலையும் காத்தவர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 1795இல் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கியது. 1803இல் சேதுபதி சீமை நிலையான வரி கட்டும் ஜமீனாக மாறியது. அரசுரிமை போய், ஜமீன் உரிமை மிஞ்சியது. ஜமீன் என்று ஆனபின் வாரிசு பற்றிய சண்டையெல்லாம் கம்பெனியின் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

1830இல் ராமசாமி சேதுபதி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அவர் மனைவி பர்வதவர்த்தினி நாச்சியார் 1847இல், கணவன் வழிப் பங்காளிகளின் சம்மதத்தோடு முத்துராமலிங்கம் என்ற சிறுவனைத் தத்தெடுத்தார். கணவர் இறந்து பதினேழு ஆண்டு ஆகியிருந்தது. இந்தத் தத்தை அரசாங்கம் ஏற்கவில்லை. தத்து செல்லாது என்றால் வாரிசு இல்லை. வாரிசு இல்லை என்றால் சொத்து சர்க்காருக்கு. சதாராவும் ஜான்சியும் வாரிசில்லை என்ற காரணம் சொல்லிக் கம்பெனி ஆட்சியில் சேர்க்கப்பட்ட காலம் அது. அவை சிற்றரசுகள், இது ஜமீன். சட்டம் வேறு என்றாலும் அரசின் ஆசை ஒன்றுதான்.

கணவரின் அனுமதி இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், பங்காளிகள் சம்மதித்தால் ஒரு விதவை எடுத்த தத்து செல்லுமா? நீதிமன்றங்கள் விடை காண வேண்டியிருந்தது இந்தக் கேள்விக்கு.

ஒரு வரி, நான்கு உரைகள்

வசிஷ்டரின் அந்த விதியை இந்தியாவின் எந்தப் பகுதிப் பண்டிதரும் மறுக்கவில்லை. எல்லோருக்கும் அது பிரமாணம். ஆனால் பொருள் சொல்லும்போது நான்கு திசைக்குப் போனார்கள்.

மிதிலையின் உரைகாரர்கள், தத்தெடுக்கும் நேரத்தில் கணவனின் அனுமதி இருக்க வேண்டும் என்றார்கள். செத்தவன் அனுமதி தர முடியாது. ஆகவே விதவை தத்தெடுக்கவே முடியாது. வங்காளத்தில், கணவன் உயிரோடு இருக்கும்போதே அனுமதி கொடுத்திருந்தால் அவன் இறந்த பிறகும் அது செல்லும் என்றார்கள். மராட்டிய நாட்டில் மயூகம் போன்ற நூல்களைப் பின்பற்றியவர்கள், அந்த விதி கணவன் உயிரோடு இருக்கும் பெண்ணுக்கு மட்டுமே என்று பொருள் கொண்டார்கள். கணவனே இல்லாதவளுக்கு அவன் அனுமதி எதற்கு? விதவைக்குத் தடையே இல்லை. நான்காவது, தமிழகத்தை உள்ளடக்கிய திராவிடப் பகுதியின் உரை. கணவன் இல்லாதபோது அந்தப் பொறுப்பு அவன் பங்காளிகளுக்கு வருகிறது. அவர்கள் சம்மதம் கணவனின் சம்மதத்துக்கு ஈடு.

முழுத் தடையிலிருந்து முழு உரிமை வரை எல்லாம் ஒரே வரியிலிருந்து வந்தன. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு விதியை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு ஜைமினியின் மீமாம்சை நுட்பமான முறைகளை வகுத்திருந்தது. எது கட்டளை, எது வெறும் புகழ்ச்சி, ஒரு தடை யாருக்குப் பொருந்தும், இரண்டு விதிகள் மோதினால் என்ன செய்வது என்றெல்லாம் அது பேசியது. அந்த முறைகளையே கையில் வைத்துக்கொண்டு, தங்கள் ஊரில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதற்கு இசைந்த பொருளை உரைகாரர்கள் கண்டெடுத்தார்கள். சாளுக்கிய நாட்டில் விஞ்ஞானேசுவரர் எழுதிய மிதாட்சரமும், தெற்கில் மதிப்புப் பெற்ற ஸ்மிருதி சந்திரிகையும், விஜயநகரக் காலத்துப் பராசர மாதவீயமும் அப்படி எழுந்த நூல்கள்தான்.

சட்டம் எப்படிப் புத்தகமானது

லண்டன்காரர்கள் இதில் எப்படி நுழைந்தார்கள்? 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஒரு திட்டம் போட்டார். திருமணம், வாரிசுரிமை, சாதி, சமயம் சார்ந்த வழக்குகளில் இந்துக்களுக்குச் சாஸ்திரம், முஸ்லிம்களுக்குக் குர்ஆன். படிக்க நியாயமாகத் தெரிந்த இந்தத் திட்டம் ஒரு பெரிய விஷயத்தை விழுங்கிவிட்டது. ராமநாதபுரத்து மறவரோ, பாம்பன் பரதவரோ, முதுகுளத்தூர் விவசாயியோ தங்கள் பாகப்பிரிவினையை எந்த நாளும் சமஸ்கிருத நூலைப் பிரித்து வைத்துச் செய்ததில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடி, வழக்கப்படி பேசி முடித்தார்கள்.

ஆங்கிலேய நீதிபதிகளுக்கு ஊர்க்கூட்டம் வேண்டாம், புத்தகம் வேண்டும். வில்லியம் ஜோன்ஸ் 1794இல் மனுவை ஆங்கிலத்தில் கொடுத்தார். 1810இல் கோல்புரூக் மிதாட்சரத்தின் வாரிசுரிமைப் பகுதியை மொழிபெயர்த்தார். 1821இல் சதர்லாந்து தத்து பற்றிய இரண்டு நூல்களைக் கொண்டுவந்தார். மொழிபெயர்ப்பு எந்த நூலுக்கு வாய்த்ததோ அந்த நூல் கோர்ட்டில் கனம் பெற்றது. வாய்க்காத நூல் மறைந்தது. கோர்ட்டுகளில் பண்டிதர்களை அமர்த்திக் கருத்துக் கேட்டு வந்த ஏற்பாடும் 1864இல் எடுக்கப்பட்டது. அதன்பின் நீதிபதியும் மொழிபெயர்ப்பும் மட்டுமே.

அதே 1864இல் சென்னை உயர் நீதிமன்றம் ராணியின் தத்து செல்லும் என்றது. அரசு விடவில்லை. 1868இல் பிரிவி கவுன்சில் சார்பில் சர் ஜேம்ஸ் கால்வில் தீர்ப்பு வாசித்தார். நான்கு உரைகளையும் அவர் வரிசைப்படுத்தினார். பிறகு சொன்னதுதான் முக்கியம். பழைய மூலநூலிலிருந்து ஒரு கொள்கை சரியாகப் பிறக்கிறதா என்று தேடுவது நீதிபதியின் வேலை இல்லை. அந்தப் பகுதியில் எந்த உரை ஏற்கப்பட்டிருக்கிறது, அது வழக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதே வேலை. தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம், எழுதி வைத்த சாஸ்திரத்தை விடக் கனமானது. ராணியின் தத்து நின்றது. கலெக்டர் தோற்றார்.

ஏட்டை மீறிய வீடுகள்

இந்தத் தீர்ப்பு ஆகாயத்திலிருந்து விழவில்லை. சாஸ்திரமே தன்னைவிட வழக்கத்துக்கு இடம் கொடுத்த சான்றுகள் உண்டு. தமிழ் வாசகருக்கு அதில் மிக நெருக்கமானது தம் வீட்டுக் கல்யாணம்.

மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டுவது இங்கே முறை. வடநாட்டுச் சாஸ்திரக் கண்ணுக்கு அது ரத்த உறவில் நடக்கும் தவறான திருமணம். போதாயன தர்மசூத்திரம் இந்த வேறுபாட்டை நேராகவே எடுத்துப் பேசுகிறது. தெற்கத்தியார் செய்யும் வழக்கங்களில் மாமன் மகள், அத்தை மகள் திருமணத்தைக் குறிப்பிடுகிறது. வடக்கத்தியார் செய்பவற்றில் கடலில் போவதும் ஆயுதம் ஏந்திப் பிழைப்பதும் வருகின்றன. அந்தந்தத் தேசத்தில் அந்தந்த வழக்கம் பிரமாணம் என்பது அங்கே சொல்லப்படும் முடிவு. கௌதமர் அதை ஏற்கவில்லை என்றும் அதே இடம் பதிவு செய்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த விவாதம் சூடாக நடந்திருக்கிறது. 1955இன் இந்து திருமணச் சட்டம் நெருங்கிய உறவில் திருமணத்தைத் தடுத்தாலும், இருதரப்புக்கும் வழக்கம் இருந்தால் செல்லும் என்று விலக்குக் கொடுத்தது. முறைமாப்பிள்ளையும் முறைப்பெண்ணும் சட்டப்படி கணவன் மனைவியாக இருப்பது அந்த விலக்கால்தான்.

இன்னொரு சான்று ராமேஸ்வரம் ராமநாதசுவாமி கோயிலின் கருவறை. தமிழகத்துச் சிவன் கோயில்களில் ஆதிசைவர்கள் பூசை செய்வதுதான் ஆகமம் என்று பரவலாகச் சொல்லப்படும். ராமேஸ்வரத்திலோ தலைமுறை தலைமுறையாகச் சுவாமியைத் தொட்டுப் பூசை செய்கிறவர்கள் மராட்டிய வழி வந்த அந்தணர்கள். அதற்கும் சிருங்கேரி மடத்தின் தீட்சை பெற்றிருக்க வேண்டும். காசியிலிருந்து கங்கை நீரோடு வரும் பக்தர் யாரும் இது எந்த ஆகமத்தில் இருக்கிறது என்று கேட்பதில்லை. அது ராமேஸ்வரத்து வழக்கம்.

1868இல், ராம்நாட் தீர்ப்பு வந்த அதே ஆண்டில், மதுரையில் பணிபுரிந்த ஜே.எச். நெல்சன் ‘மதுரைச் சீமை’ பற்றிய தம் பெரிய ஆங்கில நூலை வெளியிட்டார். மறவர், கள்ளர் போன்ற சமூகங்களின் மணமுறை, மறுமணம், சொத்துப் பழக்கங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். 1877இல் இன்னொரு நூல் எழுதி, சென்னை உயர் நீதிமன்றம் ‘இந்து சட்டம்’ என்று நடத்துவது இந்த மக்களுக்குச் சொந்தமே இல்லாத ஒன்று என்று வாதிட்டார். விதவை மறுமணம் சாதாரணமாக நடக்கும் சமூகத்தின் தலையில், அதை நினைத்தும் பார்க்காத சமூகத்தின் நூலை ஏற்றுவது எப்படி நீதியாகும் என்பது அவர் கேள்வியின் உள்ளடக்கம். உயர் நீதிமன்ற நீதிபதி இன்னஸ் இதற்கு மறுப்பு எழுதினார். இந்து சட்டம் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் இந்த விவாதத்தைத் தாண்டிப் போக முடியாது.

1897: ஜனவரியும் மே மாதமும்

ராணி எடுத்த பிள்ளை முத்துராமலிங்க சேதுபதியாக ஆண்டு, 1873இல் மறைந்தார். அவருடைய மகன் பாஸ்கர சேதுபதி பிறந்தது தீர்ப்பு வந்த 1868இல். படித்தவர், தமிழ்ப் புலவர்களைப் போற்றியவர், வள்ளல். சாஸ்திரத்தை வழக்கம் வென்றதால் நிலைத்த குடும்ப உரிமை அவருடையது.

1897 ஜனவரி 26ஆம் தேதி விவேகானந்தர் பாம்பனில் கரையிறங்கினார். சிகாகோ போக அவரை ஊக்கிய சேதுபதியே முன்னின்று வரவேற்றார். கடல் கடந்து போவது பாவம், போனவன் சாதி இழப்பான் என்று கலியுகத்துக்கு ஆகாதவற்றின் பட்டியலில் எழுதி வைத்திருந்த காலம். கடல் கடந்த துறவியை ஏற்கலாமா என்று வைதிகர்கள் சிலர் முகம் சுளித்த நேரத்தில், ராமநாதபுரத்து ராஜா அந்தத் தடையைப் பொருட்படுத்தவில்லை. மறுநாள் ராமேஸ்வரம் கோயிலில் பேசிய விவேகானந்தர், ஏழையிலும் எளியவனிலும் நோயாளியிலும் சிவனைக் காண்பதே உண்மையான பூசை என்று எடுத்துரைத்தார்.

நான்கு மாதம்கூட ஆகவில்லை. மே 14ஆம் தேதி கமுதியில் நாடார் சமூகத்தைச் சேர்ந்த சிலர் மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்து, தாங்களே மாலை சாற்றிக் கற்பூரம் காட்டி வழிபட்டார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலர் பாஸ்கர சேதுபதி. அவர் பெயரில் வழக்குப் போடப்பட்டது. நாடார்களுக்கு உள்ளே வர உரிமை இல்லை என்று தடை வேண்டும், கோயிலைச் சுத்திகரிக்கப் பணம் வேண்டும் என்பது கோரிக்கை.

இங்கே ஏடும் வழக்கமும் கைகோத்து வந்தன. ஆகமங்களும் அவற்றைச் சார்ந்த நூல்களும் கோர்ட்டில் எடுத்து வைக்கப்பட்டன. கள் இறக்குவதையும் பனை, தென்னை ஏறுவதையும் தொழிலாகக் கொண்டவர்கள் இப்படிப்பட்ட கோயிலுக்குள் வரக்கூடாது என்பது மதுரைப் பகுதிச் சைவர்கள் ஏற்கும் ஆகம விதி என்று முடிவு செய்யப்பட்டது. பனைதான் இந்தக் கரையின் கற்பகம். பதநீரும் கருப்பட்டியும் நுங்கும் ஓலையும் கொடுத்துக் குடும்பங்களைக் காக்கும் மரம். அதில் ஏறியவன் கைதான் அதைக் கொடுத்தது. அந்த ஏடுகளே பனையோலையில் எழுதப்பட்டவை. அந்த மரத்தில் ஏறியவர்களுக்குத்தான் அந்த ஓலையின் பெயரால் கதவு சாத்தப்பட்டது. அதிலும் கமுதி நாடார்கள் பெரும்பாலும் கடை வைத்து வியாபாரம் செய்தவர்கள். பனை ஏறுவது அவர்கள் தொழிலாகவே இல்லை. விதி தொழிலைப் பற்றியது என்றால், தொழிலை விட்டவரை அது எப்படிக் கட்டும்? பிறப்பால் கட்டும் என்றே தீர்ப்பு போனது.

1899 ஜூலையில் மதுரை சார்பு நீதிமன்றம் நாடார்களுக்கு உரிமை இல்லை என்று சொல்லி, சுத்திகரிப்புக்கு 500 ரூபாய் கட்ட உத்தரவிட்டது. அதே கோடையில்தான் நாடார்களுக்கு எதிரான சிவகாசிக் கலவரம் நடந்தது. 1901இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. 1908இல் பிரிவி கவுன்சிலும் அதையே சொன்னது. அதற்குள் சேதுபதி 1903இல் மறைந்திருந்தார். நீண்ட காலமாக இந்தச் சமூகம் உள்ளே வந்ததில்லை, அது நிரூபணமான வழக்கம் என்பதே தீர்ப்பின் அடித்தளம்.

இந்த வழக்கில் ஒரு திருப்பம் உண்டு. அதை மறந்துவிடக் கூடாது. மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தபோது, நாடார்களுடன் சமரசமாகப் போகச் சேதுபதி முன்வந்தார். கோயில் வழக்கத்தை மாற்றும் அதிகாரம் அறங்காவலருக்கு இல்லை என்று அந்தச் சமரசம் தள்ளப்பட்டது. ஊர்க்கூட்டத்தில் பேசித் தீர்த்திருந்தால் ஒருவேளை அன்றே மாறியிருக்கக்கூடிய வழக்கம், தீர்ப்பு நகலில் ஏறியதும் கல்வெட்டாகிவிட்டது. வழக்கத்தின் உயிரே அது காலத்தோடு மாறுவதில்தான் இருக்கிறது. 1868இல் உயிருள்ள வழக்கத்தைத் தேடிய நீதிமன்றம், 1908இல் வழக்கம் உயிரோடு அசைய முயன்றபோது அதைக் கட்டிப்போட்டது.

இரண்டு தீர்ப்பையும் அருகருகே வைத்தால் ஒன்று விளங்கும். ராணியின் வழக்கில் வழக்கத்துக்குச் சாட்சி சொன்னது பண்டிதர் கருத்தும் பங்காளிகளின் சம்மதமும். கமுதியில் வழக்கத்துக்குச் சாட்சி சொன்னவர்கள் உள்ளே நிற்கும் உரிமை பெற்றிருந்தவர்கள். வெளியே நிறுத்தப்பட்டவன் நினைவு, அவன் தாத்தா சொன்ன கதை, அவன் பட்ட அவமானம் எதுவும் ‘வழக்கம்’ என்ற கணக்கில் ஏறவில்லை. எழுதத் தெரிந்தவன் சாஸ்திரத்தை எழுதினான். சாட்சிக் கூண்டில் நம்பப்பட்டவன் வழக்கத்தை எழுதினான்.

கீழக்கரையின் பாடம்

இது இந்துக்கள் கதை மட்டும் இல்லை. ராமநாதபுரத்திலிருந்து சற்றுத் தெற்கே கீழக்கரையில் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம். மார்க்கச் சட்டத்தை அரபு படித்த ஆலிம்களிடமே விட்டுவிடாமல், சாதாரண மக்களும் பெண்களும் படிக்கும்படி அரபுத் தமிழில் ‘மகானி’ என்ற பெருநூலைக் கொடுத்தார். தமிழைத்தான் எழுதினார், எழுத்து மட்டும் அரபு. தொழுகை, நோன்பு, திருமணம், வணிகம் பற்றிய விதிகளை வீட்டில் இருக்கும் பெண் தானே படித்துத் தெரிந்துகொள்ள அது வழி செய்தது.

இந்தக் கடற்கரை ஊர்களில் மகளுக்கு வீடு கொடுத்து, மருமகன் அங்கே வந்து வாழும் வழக்கம் பழையது. பெண்ணுக்குத் தலைக்கு மேல் கூரை உறுதி. வழக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது இஸ்லாமியச் சட்டவியலின் ஐந்து பெரும் பொதுவிதிகளில் ஒன்று. அதே நேரம் வடஇந்தியாவின் பல பகுதிகளில், வழக்கம் என்ற பெயரில் முஸ்லிம் மகள்களுக்குக் குர்ஆன் கொடுத்த பங்கே கிடைக்கவில்லை. 1937இன் ஷரியத் சட்டம் அந்த வழக்கத்தை ஒதுக்கி வைத்து, மார்க்கச் சட்டமே செல்லும் என்றது. விவசாய நிலத்தை அந்தச் சட்டம் விட்டுவைத்தது. 1949இல் சென்னை மாகாணம் திருத்தம் செய்து அதையும் சேர்த்தது. ஓரிடத்தில் வழக்கம் பெண்ணுக்கு வீடு தந்தது, இன்னோர் இடத்தில் ஏடு அவளுக்குப் பங்கு தந்தது. ஏட்டையோ வழக்கத்தையோ கண்ணை மூடிக்கொண்டு தலைமேல் வைக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது அளவுகோல்

1939 ஜூலை 8ஆம் தேதி, மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட சமூகத்தவரும் நாடார் ஒருவரும் நுழைந்தார்கள். ராமநாதபுரம் சீமையின் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் அதற்கு ஆதரவாக நின்றார். ராஜாஜி அரசு உடனே சட்டம் கொண்டுவந்து அந்த நுழைவுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. 1947இல் இன்னும் விரிந்த கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. 1950இல் அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்தது; இந்துக் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. பிரிவி கவுன்சில் கமுதியில் பூட்டிய கதவு இப்படித்தான் திறந்தது. சாஸ்திரத்துக்குப் புது உரை எழுதித் திறக்கவில்லை. மனிதரின் சமத்துவம் இரண்டுக்கும் மேலே வைக்கப்பட்டதால் திறந்தது.

ராணியின் கேள்விக்கும் அப்படியே விடை வந்தது. 1956இன் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி, மனநலமுள்ள, வயது வந்த விதவை தன் பெயரிலேயே பிள்ளையைத் தத்தெடுக்கலாம். மணமாகாத பெண்ணும் எடுக்கலாம். கணவன் அனுமதி, பங்காளி சம்மதம் என்ற பேச்சே இல்லை. இந்தச் சட்டம் கையாளும் விஷயங்களில் பழைய மூலநூல், அதன் விதி, அதன் உரை, வழக்கம் எதுவும் இனிச் செல்லாது என்று அதன் நான்காவது பிரிவு ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி ஒதுக்குகிறது. மிதிலை, வங்காளம், மராட்டியம், திராவிடம் என்ற நான்கு உரைகளும் ஒரே நாளில் ஓய்வு பெற்றன. கணவன் உயிரோடு இருக்கும் பெண்ணும் அவன் சம்மதத்தோடு தன் பெயரில் தத்தெடுக்கலாம் என்ற நிலை 2010 திருத்தத்தில்தான் வந்தது.

கருவறை வாசலில் நிற்கும் கேள்வி

இத்தனைக்கும் பிறகு முடியாமல் நிற்பது அர்ச்சகர் கேள்வி. 1970 இறுதியில் தமிழகச் சட்டமன்றம் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்தது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஒழிப்பை ஏற்றுக்கொண்டது. ஆனால் நியமனம் ஆகமத்துக்கு உட்பட்டே இருக்க வேண்டும் என்றும் சொன்னது. 2006இல் தகுதியுள்ள எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று அரசு ஆணை போட்டுப் பயிற்சிப் பள்ளிகள் திறந்தது. 2015இல் உச்ச நீதிமன்றம், எந்தக் கோயிலில் எந்த ஆகமம் என்று தனித்தனியாகப் பார்த்து, அரசியலமைப்புக்கு முரணில்லாமல் முடிவு செய்ய வேண்டும் என்றது. 2021 ஆகஸ்டில் பயிற்சி முடித்த பல சாதியினருக்கும் நியமன ஆணை கிடைத்தது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம், ஆகமக் கோயில்கள் எவை என்று கண்டறிய ஒரு குழு அமைக்கச் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது.

சைவ ஆகமங்கள் 28 என்பது மரபு. ஒரு கோயிலில் காமிக ஆகமம் என்பார்கள், இன்னொன்றில் காரண ஆகமம் என்பார்கள். அந்த நூல் உண்மையில் என்ன சொல்கிறது, எந்தப் பகுதி கிடைத்திருக்கிறது, எந்த உரைகாரர் என்ன பொருள் கொண்டார், அந்தக் கோயிலில் நூறு ஆண்டுக்கு முன் யார் பூசை செய்தார் என்பதெல்லாம் சாதாரண பக்தருக்கு எட்டாத விஷயமாகவே வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் எட்டாத காலம் போய்விட்டது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்து தமிழகக் கிராமங்களில் அலைந்து ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகளைச் சேர்த்தது. புதுச்சேரியில் உள்ள இந்தச் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பல ஆகமங்கள் அச்சில் வந்துவிட்டன.

ஆகவே இந்த வழக்குகளில் முதல் வேலை தமிழில் நடக்க வேண்டும். ஆகமம் தடுக்கிறது என்று ஒருவர் சொன்னால், எந்த நூல், எந்தப் படலம், எந்த வரி என்று அவர் காட்ட வேண்டும். அந்த வரி தமிழில் பொருளோடு அச்சாகி, மாறுபட்ட உரைகள் பக்கத்தில் நிற்க, கோயில் வாசலிலேயே எல்லோரும் படிக்கக் கிடைக்க வேண்டும். மார்க்கச் சட்டத்தை மகானி எப்படி வீட்டுப் பெண்கள் கைக்குக் கொண்டுவந்ததோ அதே அளவு உழைப்பு இதற்கும் தேவை. ஆகமக் குழு எதுவானாலும் பட்டம் பெற்ற பண்டிதரையும் பரம்பரை அர்ச்சகரையும் மட்டும் கேட்டு எழுந்துவிடக் கூடாது. பயிற்சி முடித்து வேலைக்காகக் காத்திருக்கும் இளைஞரையும், கோயிலைக் கழுவிக் கோலமிடும் பெண்ணையும், தாத்தா காலத்தில் வெளியே நிறுத்தப்பட்ட குடும்பத்தையும் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதும் அந்தக் கோயிலின் வழக்கத்துக்குச் சாட்சியம்தான். குழுவின் அறிக்கையில் அது பெயரோடும் ஊரோடும் பதிவாக வேண்டும்.